கிரீன்வுட் குடும்பத்தைத் தேடி: யார்க்‌ஷர் பதிவேடுகளோடு என் அனுபவம்

என் கணவரின் தாய்வழிக் குடும்பப் பெயர் கிரீன்வுட். அந்தக் குடும்பத்தின் வேரைத் தேடிப் பல வருடங்களாகப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். பிரிட்டிஷ் குடும்பங்களில் மணமுடித்த தமிழ் நண்பர்களும் ஆங்கிலோ இந்திய நண்பர்களும் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தத் தளத்துக்குச் சந்தா கட்டலாம்?" என்பதுதான். சந்தா அப்புறம் இருக்கட்டும். உங்கள் குடும்பப் பெயர் எந்த ஊரில் பிறந்தது, அந்த ஊரின் பழைய காகிதங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்ற இரண்டையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆங்கிலக் குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவை ஊரிலிருந்தோ தொழிலிலிருந்தோ தந்தை பெயரிலிருந்தோ பட்டப்பெயரிலிருந்தோ வந்தவை. தேடுகிறவருக்கு அதிகம் உதவுவது ஊர்ப்பெயர் வகைதான். வட இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷரில் ஹாலிஃபாக்ஸைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் தனித்தனிப் பண்ணைகளின் பெயரே குடும்பப் பெயராக நிலைத்தது. கிரீன்வுட், சட்க்ளிஃப், அக்ராய்ட் எல்லாம் அப்படி வந்தவை. கிரீன்வுட் பெயருக்கு ஹெப்டன்ஸ்டால் அருகிலுள்ள கிரீன்வுட் லீ என்ற இடத்தைக் காட்டுவார்கள். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துப் போட்ட பரவல் வரைபடங்களைப் பார்த்தால், ஹாலிஃபாக்ஸ், டாட்மோர்டன் பக்கம்தான் அந்தப் பெயர் அடர்ந்திருக்கிறது. தொழிற்பெயர்கூட ஓரளவு திசை காட்டும். நெய்த கம்பளியை நனைத்து மிதித்து இறுக்குபவர் வடக்கே வாக்கர், தென்கிழக்கே ஃபுல்லர், தென்மேற்கே டக்கர். வேல்ஸ் பெயர்கள் வேறு கதை. அங்கே பல இடங்களில் 18ஆம் நூற்றாண்டு வரைகூட ஒவ்வொரு தலைமுறையும் தந்தை பெயரைத்தான் பின்னால் போட்டுக்கொண்டது. அதனால் ஜோன்ஸ் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது.

பெயர் ஊரைக் காட்டுமே தவிர உறவை நிரூபிக்காது. 12ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்து அரசர் முதலாம் ஹென்றியின் மகளான பேரரசி மாடில்டாவின் அரண்மனைக்கு உணவு ஏற்பாடு செய்தவர் என்று ஒரு கிரீன்வுட்டை உச்சியில் வைத்து இணையத்தில் ஏராளமான குடும்ப மரங்கள் சுற்றுகின்றன. அவருக்கும் 16ஆம் நூற்றாண்டுப் பதிவேட்டுக்கும் இடையில் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆவணம் காட்டிய மரம் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் மரபியலாளர் பிரையன் சைக்ஸ், தன் குடும்பப் பெயரையே கொண்ட ஆண்களைச் சோதித்து 2000இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். சைக்ஸும் யார்க்‌ஷர் பெயர்தான். ஆண்வழி மரபணு ஒத்துப்போனவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. அவ்வளவு பேர் ஒரே மூதாதைக்குப் போவதே பெரிய விஷயம். மற்றவர்கள் தத்து, மணமாகாத தாய், தாய் பெயரை ஏற்றது என்று ஏதோ ஒரு வழியில் அந்தப் பெயருக்கு வந்திருக்கலாம்.

சரி, தளங்களுக்கு வருகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு 1837 ஜூலை 1இல் தொடங்கியது. அதற்குப் பிந்தைய தேடலுக்குத் தொடக்கத்தில் ஒரு பைசா செலவழிக்க வேண்டாம். தன்னார்வலர்கள் நடத்தும் ஃப்ரீபிஎம்டி தளமும் பதிவுத்துறையின் சொந்த இணைய அட்டவணையும் இலவசம். எனக்கு அதிகம் உதவியது இரண்டாவதுதான். பழைய அச்சு அட்டவணையில் 1911க்குப் பிறகே தாயின் பிறந்தகப் பெயர் வரும். இதில் 1837 முதலே இருக்கிறது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பெரும்பாலும் தாய்க்கு மணமாகவில்லை என்று பொருள். ஒரே பெயருள்ள குழந்தைகளைப் பிரித்தெடுக்க இதைவிட எளிய வழி கிடையாது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: அட்டவணையில் இருப்பது ஊர் பெயரல்ல, பதிவு மாவட்டத்தின் பெயர். ஹெப்டன்ஸ்டாலில் பிறந்தவர் டாட்மோர்டன் என்றே வருவார்.

கணக்கெடுப்புக்கு ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற சந்தாத் தளங்கள் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்திருந்தேன். இரண்டுமே நன்றாகத்தான் இருந்தன. 1841 கணக்கெடுப்பில் 15 வயதைத் தாண்டியவர்களின் வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்தே எழுதியிருப்பார்கள். 1851இல்தான் உறவுமுறையும் பிறந்த பங்கும் (பாரிஷ், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) வருகின்றன. 1921 கணக்கெடுப்பு 2022 ஜனவரியில் வெளியானது. 1931க்கு உரியது 1942இல் தீயில் அழிந்தது, 1941இல் கணக்கே எடுக்கவில்லை. ஆகவே அந்த இடைவெளிக்கு போர் தொடங்கியதும் 1939 செப்டம்பர் 29ஆம் தேதி எடுத்த தேசியப் பதிவேடு ஒன்றே துணை.

1837க்கு முன்னால் போனால்தான் உண்மையான வேலை. பங்குகளில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதியும்படி 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல் உத்தரவிட்டார். ஹாலிஃபாக்ஸ் பதிவேடு அந்த வருடத்திலேயே தொடங்குகிறது. மேற்கு யார்க்‌ஷர் பதிவேடுகளின் படங்கள் ஆன்செஸ்ட்ரியில் இருக்கின்றன. இந்தப் பகுதிக்காரர்களுக்கு அந்தச் சந்தா தகும் என்று சொல்வேன். அட்டவணையை நம்பி நிற்காமல் படத்தைத் திறந்து படியுங்கள். 1752க்கு முன் ஆண்டுப் பிறப்பு மார்ச் 25 என்பதையும் மறக்க வேண்டாம். பதிவேட்டில் 1720 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் அது 1721.

எங்களுக்கு வந்த சிக்கல், கணவரின் மூதாதை ஜான். ஒரே தலைமுறையில், ஒரே மலைச்சரிவில், எத்தனையோ ஜான் கிரீன்வுட்கள்! பாதிப் பேர் நெசவாளர்கள். ஊர்க்காரர்களுக்கே இது குழப்பமாகத்தான் இருந்திருக்கும். அதனால் பேச்சில் 'பில் ஓ ஜாக்ஸ்' என்று தந்தை பெயரைச் சேர்த்து அழைத்தார்கள். ஜாக்கின் மகன் பில். தேவைப்பட்டால் தாத்தா பெயரும் சேரும். நாம் இனிஷியல் போடுவதற்குக் கிட்டத்தட்ட அதே காரணம்தான். ஆனால் பாதிரியார் எழுதும்போது வெறும் ஜான் கிரீன்வுட் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். இது போதாதென்று இந்தப் பள்ளத்தாக்கில் பலர் ஆங்கிலிக்கன் சபையில் இல்லை. ஹெப்டன்ஸ்டாலின் எண்கோண மெதடிஸ்ட் ஆலயம் 1764இல் கட்டியது. பாப்டிஸ்டுகள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, ஆகையால் அவர்களிடம் பிறப்புப் பதிவைத்தான் தேட வேண்டும்.

முடிச்சை அவிழ்த்தது ஏழைகள் சட்டக் காகிதங்கள். 1662 சட்டப்படி ஒவ்வொரு ஏழைக்கும் ஒரு சொந்த ஊர் உண்டு. உதவி கேட்டால் அந்த ஊர்தான் கொடுக்க வேண்டும். வேறு ஊரில் வறுமைப்பட்டால் இரண்டு நீதிபதிகள் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கள் குடும்பத்து மூதாட்டி, அந்த ஜானின் மனைவி, பக்கத்து மாவட்டமான லங்காஷரில் கணவனை இழந்து, பிள்ளைகளோடு ஹெப்டன்ஸ்டாலுக்கு அனுப்பப்பட்டார். அந்த ஊரை அவர் அதற்கு முன் பார்த்தாரா என்பதே சந்தேகம். மனைவிக்குக் கணவனின் ஊர்தான் சொந்த ஊர் என்பது சட்டம். வெளியேற்ற உத்தரவு ஹெப்டன்ஸ்டால் காகிதங்களில் கிடைத்தது. அனுப்புவதற்கு முன் நடத்தும் விசாரணையின் குறிப்பு பெரும்பாலும் அனுப்பிய ஊரிலேயே தங்கிவிடும் என்பதால் லங்காஷர் பக்கமும் தேடினேன், கிடைத்தது. கணவர் எங்கே பிறந்தார், எந்த நெசவாளரிடம் தொழில் பழகினார் என்று அதில் அந்தப் பெண் சொல்லியிருக்கிறார். எந்த ஜான் என்பது அந்த ஒரு வரியில் தெளிவாகிவிட்டது. கீழே கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. படித்துவிட்டு என் மாமியார் அழுதார். மாடில்டாவின் அரண்மனைக் கதையைக் கேட்டு அவர் சிரித்ததோடு சரி.

இந்தக் காகிதங்களில் பெரும்பகுதி எந்தத் தளத்திலும் படமாக இல்லை. ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். முன்பதிவு செய்யுங்கள், பென்சில் மட்டும் எடுத்துப் போங்கள், எந்தத் தொகுப்பு வேண்டுமென்று பட்டியலில் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். எனக்கு வாய்த்த காப்பகப் பணியாளர்கள், கேட்காததையும் எடுத்துக் கொடுத்தவர்கள். பழைய கையெழுத்தைப் படிக்க பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசப் பாடம் வைத்திருக்கிறது. அதை முடித்துவிட்டுப் போனால் நேரம் மிச்சம்.

1858க்கு முந்தைய உயில்கள் திருச்சபை நீதிமன்றங்களிடம் இருந்தன. இந்தப் பகுதி உயில்கள் யார்க்கில் உள்ள போர்த்விக் நிறுவனம் என்ற ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தறி யாருக்கு, பசு யாருக்கு என்று பிள்ளைகளின் பெயரோடு எழுதியிருப்பார்கள். அதையும் தாண்டிப் போக வேண்டுமானால் வேக்ஃபீல்ட் மேனரின் (நிலப்பிரபுவின் ஆளுகைப் பகுதி) நீதிமன்றச் சுருள்கள். 1274 முதல் இருக்கின்றன, இப்போது லீட்ஸ் பல்கலைக்கழகத்தில். பெரும்பகுதி லத்தீன். சில தொகுதிகளை மொழிபெயர்த்து அச்சிட்டிருக்கிறார்கள். பண்ணைப் பெயர் எப்படிக் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது என்பதை இவற்றில் கண்ணாலேயே பார்க்கலாம்.

மற்ற பகுதிகளைப் பற்றிச் சுருக்கமாக: ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855இல்தான் தொடங்கியது, ஆனால் இறப்புச் சான்றிதழில் பெற்றோர் இருவரின் பெயரும் வரும். ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் பார்ப்பதற்கு மட்டும் பணம். அயர்லாந்தில் 1922 தீயில் நிறைய போய்விட்டது, 1901, 1911 கணக்கெடுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னையில் வாழ்ந்த பிரிட்டிஷ், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களைத் தேடுவோர், மதராஸ் மாகாண தேவாலயங்களிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய பதிவு நகல்களிலிருந்து தொடங்கலாம். அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆஃபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன.

இப்போது நான் வருடச் சந்தா கட்டுவதில்லை. பிரிட்டனில் பல பொது நூலகங்களில் ஆன்செஸ்ட்ரியின் நூலகப் பதிப்பை இலவசமாகப் பார்க்கலாம். புதிய தொகுப்பு ஏதாவது வந்தால் ஒரு மாதம் மட்டும் கட்டி, வேண்டியதைத் தரவிறக்கிக்கொள்கிறேன். மிச்சப் பணம் சான்றிதழ்களுக்கும் உயில் நகல்களுக்கும் போகிறது. அடுத்து வாங்க வைத்திருப்பது, ஜானுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அந்த நெசவாளரின் உயில். அவரும் ஒரு கிரீன்வுட்தான்.