சொந்த மாந்தோப்பில் வீடா, அங்கீகார மனையா?

காவேரிப்பட்டணம் பக்கம் அப்பாவுக்கு 55 சென்ட் மாந்தோப்பு. பட்டா அவர் பெயரில், வில்லங்கம் எதுவும் இல்லை, கிணறும் உண்டு. அப்படியிருந்தும் கிருஷ்ணகிரி டவுனை ஒட்டி 1,200 சதுர அடி அங்கீகார மனையை, அதாவது அரசு அனுமதி பெற்ற மனைப்பிரிவில் ஒரு மனையைக் காசு கொடுத்து வாங்கினேன். கணக்குப் போட்டால் 2.75 சென்ட். "அரை ஏக்கருக்கு மேல வெச்சிக்கினு மூணு சென்ட்டுக்கு லோன் போட்டவன்" என்று டீக்கடையில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இதே குழப்பத்தில் இருக்கும் இரண்டு பேர் போன வாரம் போனில் கேட்டதால் எழுதுகிறேன்.

ஊர் நத்தத்தில் இடம் இருப்பவர்கள் இதைப் படிக்கவே வேண்டாம். நத்தம் என்பது முதலிலேயே குடியிருப்புக்கென்று ஒதுங்கிய நிலம். தோராயப் பட்டாவா (தற்காலிகமானது) தூய பட்டாவா (இறுதியானது) என்று மட்டும் பார்த்துக்கொண்டு கட்டலாம். எங்கள் பங்கு நத்தம் சித்தப்பாவிடம் போய்விட்டது, அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

தோப்பில் கட்டுவதென்றால் நில உபயோக மாற்றம் வாங்க வேண்டும். எங்கள் கிராமம் எந்த முழுமைத் திட்டத்துக்குள்ளும் (மாஸ்டர் பிளான்) வராத திட்டமில்லாப் பகுதி. இங்கே நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 47-ஏ பிரிவுதான் பேசும். விவசாய நிலத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்த உள்ளாட்சி அனுமதி தரும் முன் நகர் ஊரமைப்புத் துறையின் இசைவு தேவை, வேளாண்மைத் துறையிடமும் கேட்பார்கள். நன்செய் என்றால் கெடுபிடி அதிகம். எங்களுடையது புன்செய் என்பதால் அந்தப் பயம் இல்லை. கட்டணம், அலைச்சல், சர்வேயர் வரும் நாள் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆறு மாதமோ ஒரு வருடமோ பொறுத்திருக்கலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

என்னைத் திருப்பிப் போட்டது பாதை.

தோப்புக்கு மெயின் ரோட்டிலிருந்து ஒரு வண்டிப்பாதை போகிறது. அப்பா சின்னப் பையனாக இருந்தபோதே மாட்டுவண்டி போனதாம், இப்போது மாங்காய் ஏற்றும் மினி லாரி போகிறது. யாரும் ஒருநாளும் மறித்ததில்லை. உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரிடம் புலப்படத்தை, அதாவது நிலத்தின் அளவுகளையும் எல்லைகளையும் காட்டும் சர்வே வரைபடத்தைக் கொடுத்தேன். அவர் விரல் வைத்துத் தேடிவிட்டு, "சார், உங்க சர்வே நம்பருக்குப் பாதையே காட்டலியே, இது பூரா பக்கத்துப் பட்டாவுல இல்ல போவுது" என்றார். பக்கத்துப் பட்டா என்றால் பெரியப்பாவுடையது. பெரியப்பா காலமாகிவிட்டார். மூன்று அண்ணன்கள், ஒருவர் ஊரில், ஒருவர் ஓசூரில், ஒருவர் பெங்களூரில். ஊரில் இருக்கும் அண்ணன், "நீ போய் வந்துனு இருக்கறத யாரு கேட்டா?" என்றார். உண்மைதான், யாரும் கேட்கவில்லை. ஆனால் அனுமதிக்குக் காட்டப் பாதையை எழுதித் தருவதென்றால் மூன்று பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும்.

இருபது வருட அனுபவ பாத்தியம் (நெடுநாள் பயன்படுத்தி வந்ததால் வரும் உரிமை) இருக்கிறதே என்று வக்கீல் நண்பர் சொன்னார். 1882-ஆம் வருட வசதியுரிமைச் சட்டத்தில் அது இருக்கத்தான் செய்கிறது. அதைக் கோர்ட்டில் நிரூபித்துத் தீர்ப்பு வாங்கி, அந்தத் தீர்ப்போடு அனுமதி மேசைக்குப் போவதற்குள் என் பெண் கல்லூரி முடித்துவிடுவாள். அதைவிட, அண்ணன்கள் மேல் கேஸ் போட்டுவிட்டு மாரியம்மன் பண்டிகைக்கு எந்த முகத்தோடு போவது?

அங்கீகார மனையில் நான் காசு கொடுத்து வாங்கியது முக்கால்வாசி இந்தப் பாதையைத்தான். டிடிசிபி (அதே நகர் ஊரமைப்புத் துறைதான்) மனைப்பிரிவில் இறுதி அனுமதி வருவதற்கு முன் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் பத்து சதவீதம் திறந்தவெளிக்கும் விட வேண்டும். அதன்பிறகு என் வாசலுக்கு முன்னால் ஓடும் 30 அடி ரோடு ஊராட்சிச் சொத்து. மனை போட்டவருக்குப் பிள்ளைகள் மூன்று பேரா முப்பது பேரா என்பது எனக்குத் தேவையில்லாத விஷயம்.

இதிலும் கண்ணை மூடிக்கொண்டு போகக் கூடாது. முதலில் பார்த்த ஒரு மனைப்பிரிவில் அனுமதி எண் போர்டில் பளிச்சென்று இருந்தது. சாலை வரும் உட்பிரிவு எண்ணைத் தமிழ்நிலம் என்ற அரசு இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் பட்டா இன்னும் பழைய உடைமையாளர் பெயரிலேயே இருந்தது. கேட்டதற்கு "அதெல்லாம் ஆட்டோமேட்டிக்கா மாறிடும் சார்" என்றார்கள். தானப்பத்திரத்தின் நகல் கேட்டேன், வரவில்லை, நானும் மறுபடி போகவில்லை. வாங்கிய இடத்தில் தானப்பத்திரத்தின் எண் வாங்கி, ஈசி (வில்லங்கச் சான்று) போட்டுப் பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுத்தேன். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேலோ எட்டு மனைக்கு மேலோ போனால் பதிவு கட்டாயம்.

நடுவில் மூன்றாவதாக ஒன்று உண்டு, வரன்முறை செய்த மனை. 20.10.2016-க்கு முன் போட்டு விற்ற அனுமதியில்லா மனைப்பிரிவுகளை 2017 விதிகளின்படி முறைப்படுத்தினார்கள் இல்லையா, அந்த வகை. விலை குறைவு. தருமபுரி பக்கம் என் மச்சான் அப்படி ஒன்றில்தான் வீடு கட்டியிருக்கிறார், சந்தோஷமாகவும் இருக்கிறார். ஆனால் வரன்முறையில் தரையில் என்ன அகலத்துக்கு ரோடு இருக்கிறதோ அதையே ஏற்றுக்கொள்வார்கள். அவர் தெரு 16 அடி. எதிரே டிராக்டர் வந்தால் காரை ரிவர்ஸ் எடுக்க வேண்டும். அதற்குமேல் எனக்கு அந்த வகையில் அனுபவம் இல்லை.

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகவே சொல்கிறேன்: பத்திரம் பதிவாகிறது என்பதால் அது அனுமதி பெற்ற மனை ஆகிவிடாது. அந்த 2016 தேதிக்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவானதை மறுபடி விற்றால் சார்பதிவாளர் பதிந்து கொடுப்பார். கட்டட அனுமதிக்குப் போகும்போதுதான் தெரியும்.

அனுமதி என்றதும் நினைவு வருகிறது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே வாங்கிவிடலாம். என் வீட்டுக்கு அப்படித்தான் வாங்கினேன். பேங்க் வக்கீலும் முதலில் கேட்டது மனைப்பிரிவு அனுமதி எண்ணைத்தான். தோப்பென்றால் அவர் என்னென்ன கேட்டிருப்பார் என்று யோசித்துப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

என் முடிவுக்கு எதிராகவும் இரண்டு விஷயம் உண்டு. பக்கத்தில் என்ன வரும் என்பதில் அங்கீகார மனை பாதித் தூரம்தான் காப்பாற்றும். மனைப்பிரிவுக்குள் வரைபடப்படி வீடுகள்தான். கிழக்கு எல்லையைத் தாண்டினால் வெறும் புன்செய். நாளைக்கு அங்கே ஒருவர் கோழிப்பண்ணைக்கோ கிரானைட் பாலிஷ் பட்டறைக்கோ அனுமதி வாங்கினால் ஆட்சேபணை மனு எழுதுவதைத் தவிர நான் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்தது, டவுன் வளர்ந்து எங்கள் கிராமமும் ஒருநாள் திட்டப் பகுதிக்குள் வரலாம். தோப்பை விவசாய மண்டலம் என்று குறித்துவிட்டால் பிறகு மாற்றுவது இப்போதைய வழியைவிடப் பெரிய வேலை, ஆட்சேபணை கேட்டு நாளிதழ் அறிவிப்பு, அரசிதழ் என்று போகும். ஆக, பாதை புலப்படத்தில் தெளிவாக இருப்பவர்கள் என்னைப் பார்த்து மனை தேடி அலைய வேண்டாம், இப்போதே மனு போடலாம். 55 சென்ட்டில் தோட்டத்தோடு ஒரு வீடு என்பது என் 30 அடி ரோட்டில் கிடைக்காத சுகம். மறுவிற்பனை எப்படிப் போகும் என்று கேட்காதீர்கள், நான் இன்னும் விற்றுப் பார்க்கவில்லை.

தோப்பு அப்படியே இருக்கிறது. பெங்களூரா ரக மாமரங்கள் இந்த வருடமும் காய்த்தன. 20 அடி அகலத்துக்குப் பாதைப் பத்திரம் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், ஊர் அண்ணனும் ஓசூர் அண்ணனும் சரி என்றுவிட்டார்கள். பெங்களூர் அண்ணன் பண்டிகைக்கு வருகிறேன் என்றார், வரவில்லை. அடுத்து அறுப்புக்கு வருவாராம்.