ஹைபிரிட் காரில் ஆறு ஆண்டுகள்: நிற்கும் நேரத்தில் கேட்ட உறுமல்

2019-இல் வாங்கிய பெட்ரோல் ஹைபிரிட் கார்; பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டுவது. சென்னை நெரிசலிலேயே 64,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. மைலேஜிலும் பேட்டரியிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. எழுத வந்தது பிரேக்கைப் பற்றி.

சென்ற மழைக்காலத்தில் இரண்டு வாரம் வண்டியை எடுக்காமல் வாசலில் நிறுத்தியிருந்தேன். அதன்பிறகு சிக்னலில் நிறுத்தப்போகும் கடைசிப் பத்தடியில் ஓர் உறுமல். அம்மியில் அரைப்பது போன்ற சத்தம். பெடலும் காலுக்கடியில் துடித்தது. 40 கிலோமீட்டர் வேகத்தில் லேசாகப் பிரேக் பிடித்தால் ஒன்றும் இல்லை. சர்வீஸ் மையத்தில், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை (இரும்பு வட்டை) இறுக்கிப் பிடிக்கும் பேடைச் சக்கரத்தின் இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “பேட் நன்றாக இருக்கிறது, ஹைபிரிட் என்றால் இப்படித்தான்” என்று அனுப்பிவிட்டார்கள்.

அதில் பாதி உண்மை. பெடலை மெல்ல அழுத்தும்போது வேகத்தைக் குறைப்பது பெரும்பாலும் மோட்டார்தான். அது ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புகிறது. வேகம் ஏறக்குறைய 10 கிலோமீட்டருக்கு இறங்கியதும் மோட்டார் விலக, டிஸ்க் பிரேக் வேலையை எடுத்துக்கொள்கிறது. அந்த இடத்தில் சிறு அசைவு தெரியலாம். அரைக்கும் சத்தம் வரக் கூடாது.

இரண்டில் எது கோளாறு என்று பிரித்தறிய எளிய வழி நியூட்ரல். நியூட்ரலில் மோட்டார் பிரேக் பிடிக்காது. முழு வேலையும் டிஸ்க்குக்குத்தான். ஞாயிறு விடியற்காலையில் ஆளில்லாத மைதானத்தில் 25 கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றிப் பிரேக் பிடித்தேன். உறுமல் 25-லேயே தொடங்கி நிற்கும் வரை தொடர்ந்தது. ஆக, குற்றவாளி டிஸ்க் பக்கம். நியூட்ரலில் சத்தமின்றி நின்று, டிரைவில் மட்டும் குலுங்கியிருந்தால் மென்பொருள், சென்சார் பக்கம் தேடியிருப்பேன். அப்படியும் நடக்கும்: 2010-இல் டொயோட்டா தன் பிரியஸ் ஹைபிரிட் கார்களைத் திரும்ப அழைத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். மென்பொருளை மாற்றியது, மேடுபள்ளத்தில் பிரேக் பிடிக்கும்போது ஒரு கணம் பிடி தளர்ந்ததற்காக.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோனேன். இடது முன்சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தது. தெரிந்த மெக்கானிக் அதைக் கழற்றிக் காட்டினார். வெளிப்பக்கப் பேட் புதிது போலத் தடித்திருந்தது. உள்பக்கப் பேட் அதன் பின்னாலுள்ள இரும்புத் தகடுவரை தேய்ந்து, டிஸ்க்கில் வரிவரியாகப் பள்ளம். பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பர் நகர வேண்டிய ஸ்லைடு பின்னில் கிரீஸ் காய்ந்து, துரு பிடித்து இறுகிவிட்டது. “சார், இந்தப் பிரேக்குக்கு வேலையே இல்லை, அதனால்தான் துரு” என்றார். டார்ச் வெளிச்சத்துக்கு அந்த உள்பக்கம் எட்டவே இல்லை. அதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. அந்த வண்டியில்தான் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போனேன்.

பேட், டிஸ்க், பின் எல்லாம் மாற்றி எட்டு மாதம் ஆகிறது, சத்தம் இல்லை. பல ஹைபிரிட்களில் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் விழித்துக்கொள்ளும்; கழற்றிய பிரேக்கில் கை வைத்திருப்பவருக்கு அது ஆபத்து. ஆகவே அதை முறைப்படி அணைக்கத் தெரிந்தவரிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள். வாரம் ஒருமுறை காலியான சாலையில் நியூட்ரலில் நாலைந்து முறை பிரேக் பிடித்துத் துருவைத் தேய்த்துவிடுகிறேன். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். சர்வீஸ் ரசீதில் உள்பக்கப் பேடின் தடிமனை மில்லிமீட்டரில் எழுதித் தரச் சொல்கிறேன். போன மாத ரசீதில்: முன் இடது 9, முன் வலது 9.