கிலோமீற்றர் கணக்கா, காகிதப் பொட்டா, ஆய்வுகூட அறிக்கையா? மலையக லொறிகளின் என்ஜின் ஒயில் குறித்து ஓர் ஒப்பீடு

தேயிலைத் தூள் ஏற்றிக் கொழும்புக்கு இறங்கி, உரமும் மாவும் ஏற்றிக்கொண்டு மீண்டும் ஹட்டனுக்கு ஏறும் இரண்டு லொறிகளின் பராமரிப்புக் கணக்கைப் பல ஆண்டுகளாக நான்தான் எழுதி வருகிறேன். ஒயிலை எப்போது மாற்றுவது, என்ஜினுக்குள் தேய்மானம் தொடங்கிவிட்டதா என்பதை எப்படி அறிவது ஆகிய இரு கேள்விகளுக்கும் எங்கள் பக்கத்தில் மூன்று வழிகள் உண்டு. கிலோமீற்றர் கணக்கு ஒன்று, கராஜிலேயே செய்யும் காகிதச் சோதனை மற்றொன்று, மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பெறும் அறிக்கை மூன்றாவது. மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன். இவை ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதை உணரவே எனக்கு நெடுங்காலம் பிடித்தது.

கிலோமீற்றர் கணக்கு எளிது, ஆனால் அது சமவெளிக்கு எழுதப்பட்ட கணக்கு. அவிசாவளையிலிருந்து கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஏ7 வீதியில் பாரத்தோடு ஏறும் லொறி பெரும்பாலும் தாழ்ந்த கியரிலேயே ஓடுவதால், அதே தூரத்தைப் புத்தளம் வீதியில் ஓடும் லொறியைவிட அதன் என்ஜின் மிக அதிகமாகச் சுழல்கிறது, அதிக டீசலையும் எரிக்கிறது. இதோடு உயரமும் சேர்கிறது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத பழைய என்ஜின் அங்கே போதிய காற்றின்றிப் புகை தள்ளும்போது, அந்தக் கரியின் ஒரு பகுதி பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்குகிறது. எனவே கிலோமீற்றரை விட்டு என்ஜின் ஓடிய மணிநேரத்தையோ எரித்த டீசலையோ கணக்கிட்டு ஒயில் மாற்றுவதே மலைக்குப் பொருந்தும். அப்படிச் செய்தாலும் அது ஒயிலின் வயதை மட்டுமே சொல்லும், என்ஜினின் நிலையைச் சொல்லாது.

காகிதச் சோதனையை எனக்குக் கற்றுத் தந்தவர் ஹட்டனில் வேலை செய்த ஒரு வயதான பாஸ், அதாவது மெக்கானிக். ஒயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியில் ஒயில் கறுத்திருப்பதைக் கண்டு நான் பதறியபோது அவர் சொன்னார்: "தம்பி, கறுப்பப் பாத்து ஒயில் மாத்தினா தெனமும் மாத்தணும். கறுப்பு எப்பிடிப் பரவுதுன்னு பாருங்க." சூடான என்ஜினிலிருந்து ஒரு சொட்டை எடுத்து வடிகட்டும் காகிதத்தின் நடுவில் விட்டு, காகிதத்தை எதிலும் படாமல் சமமாக வைத்துச் சில மணிநேரம் காத்திருக்க வேண்டும். நடுக்கறுப்பு சாம்பல் நிறமாக மெல்ல மெல்லக் கரைந்து விளிம்புவரை பரவினால், கரியைத் தாங்கிச் சுமக்கும் சக்தி ஒயிலுக்கு இன்னும் இருக்கிறது. கறுப்பு முழுவதும் நடுவிலேயே தங்கி, கூரான விளிம்போடு மை கொட்டியதுபோல் நின்றால், அந்தச் சக்தி தீர்ந்துவிட்டது. கரி இனி என்ஜினின் அடித்தொட்டியான சம்பிலும் ஒயில் வழிகளிலும் படியத் தொடங்கும். நீர் கலந்திருக்கிறதா என்று அறிய, நன்கு சூடேறிய இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விட்டால் போதும். நீர் இருந்தால் படபடவென்று வெடிக்கும். செலவில்லாத இந்தச் சோதனைகளை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் பிஸ்டன் ஓடும் உருளையின் உட்சுவரான லைனர் தேய்கிறதா, சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்கிறதா என்ற கேள்விக்கு இவற்றிடம் பதில் இல்லை.

அந்தப் பதில் ஆய்வுகூட அறிக்கையில்தான் கிடைக்கும். ஒயிலில் கலந்துள்ள உலோகங்களை அது பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்று அளந்து தருகிறது. இரும்பு கூடினால் முதலில் லைனரையும், குரோமியம் கூடினால் ரிங்கையும், ஈயமும் செம்பும் சேர்ந்து கூடினால் பேரிங்கையும் சந்தேகிக்க வேண்டும். செம்பு மட்டும் கூடியிருந்தால் அது ஒயில் கூலரிலிருந்தும் வந்திருக்கலாம். என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஒயிலுக்குள் கசிந்தால் என்ஜின் சூட்டில் நீர் ஆவியாகிப் போய்விடுவதால் சூட்டுத் தகடு ஏமாற்றிவிடும். ஆனால் கூலன்டில் இருந்த சோடியமோ பொட்டாசியமோ ஒயிலிலேயே தங்கி அறிக்கையில் காட்டிக்கொடுக்கும். 15டபிள்யூ-40 என்ற தர எண் கொண்ட ஒயிலின் பாகுத்தன்மை 100 பாகை செல்சியஸில் 12.5 சென்டிஸ்டோக்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கியிருந்தால், பெரும்பாலும் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் ஒழுகி டீசல் கலந்திருக்கும்.

எங்கள் லொறிகளில் ஒன்றின் மூன்றாவது அறிக்கையில் சிலிக்கன் முன்பைவிட மூன்று மடங்காகவும், இரும்பு இரு மடங்காகவும் வந்தது. சிலிக்கன் என்பது இங்கே மண்தூசு. அப்போது லொறி கொங்கிறீட் இடாத ஒரு தோட்டப் பாதையில் தினமும் ஓடிக்கொண்டிருந்தது. எயார் பில்டர் புதியதாக இருந்ததால் எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பிறகு பில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி, உட்புறத்தில் விரலை ஓட்டினேன். கிளிப்புக்கு அடியில் நகத்தின் அளவுக்கு ஒரு வெடிப்பும், அதைச் சுற்றிச் செம்மண் படலமும் இருந்தன. குழாயை மாற்றினோம், என்ஜினைப் பிரிக்கவில்லை. அடுத்த இரண்டு அறிக்கைகளிலும் இரு எண்களும் இறங்கின. காகிதப் பொட்டு அந்தக் காலம் முழுவதும் அழகாகவே பரவிக்கொண்டிருந்தது.

இருப்பினும் அறிக்கைக்கும் குருட்டுப் பக்கம் உண்டு. வழக்கமான உலோக அளவீடு சில மைக்ரோன் அளவுள்ள நுண்துகள்களையே காணும். பேரிங்கிலிருந்து பெயர்ந்து விழும் பெரிய சிம்புகளை அது காணாது. அவை ஒயில் பில்டரில்தான் சிக்கும். ஆகவே கழற்றிய பில்டரை அறுத்து, மடிப்புகளை விரித்துக் காந்தத்தால் தடவிப் பார்ப்பதை நான் கைவிடவில்லை. காந்தத்தில் ஒட்டுவது இரும்பு, ஒட்டாமல் மினுங்குவது பெரும்பாலும் பேரிங் உலோகம். மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். குளிர்ந்த என்ஜினின் சம்ப் அடியிலிருந்து முதலில் வடியும் ஒயிலைப் போத்தலில் பிடித்தால் அடிமண்டிக்குத்தான் அறிக்கை வரும். ஓடி வந்த சூட்டிலேயே, பாதி வடிந்த பிறகு சுத்தமான போத்தலில் பிடிக்க வேண்டும். இடையில் எத்தனை லீற்றர் ஊற்றி நிரப்பினோம் என்பதையும் எழுதி அனுப்ப வேண்டும், ஏனெனில் புது ஒயில் உலோக அளவை நீர்த்துப்போகச் செய்து நல்ல என்ஜின்போல் காட்டிவிடும்.

2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஒயில் விலை ஏறியதால், அறிக்கையை வைத்து ஒயிலை நீண்ட நாள் ஓட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். சம்பில் முப்பது லீற்றர் பிடிக்கும் லொறிகள் பல வைத்திருப்பவருக்கு அது கணக்காகலாம். பத்து லீற்றர் பிடிக்கும் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஒன்றை மட்டும் வைத்திருப்பவர் அதில் மிச்சப்படுத்துவது சொற்பம்; அவர் மணிநேரக் கணக்கில் ஒயில் மாற்றி, மாதம் ஒருமுறை காகிதத்தில் பொட்டு வைத்து, ஆண்டுக்கு இரண்டு மாதிரிகளை மட்டும் அனுப்பினால் போதும் என்பது என் முடிவு. ஒரேயொரு அறிக்கையோடு நிறுத்துவதாக இருந்தால் அந்தப் பணத்தைச் செலவிட வேண்டாம். ஒப்பிட முந்தைய எண் இல்லாதபோது, அறிக்கையில் வெளிப்படையான மோசம் எதுவும் இல்லையென்றால் அதிலிருந்து தெரிவது மிகக் குறைவு.

பழைய லொறி வாங்கும்போதும் சிலர் முதல் நாளே மாதிரி எடுக்கிறார்கள். விற்பவர் அநேகமாகப் புது ஒயில் ஊற்றியே காட்டுவார், அதில் எந்தத் தேய்மானமும் தெரியாது. விற்பவர் சம்மதித்தால், பாரத்தோடு சில நாட்கள் கினிகத்தேனை ஏற்றத்தில் ஓட்டிவிட்டு மாதிரி எடுங்கள். அதற்கு அவர் சம்மதிக்காவிட்டால், மாட்டியிருக்கும் பில்டரையாவது கழற்றி அறுத்துப் பார்க்கக் கேளுங்கள். ஒயிலை மாற்றிய அவசரத்தில் பில்டரை மாற்றாமல் விட்டிருப்பவர்கள் நிறையப் பேர்.