ரெண்டு சாரல் சீசன் தாண்டிய எடை மெஷின்

ஞாயிறு ராத்திரி பிரானூர் பார்டரில் நாலு புரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட். திங்கள் காலை மெஷினில் ஏறினால் ஒரு கிலோவுக்கு மேல் கூடியிருக்கும். “அண்ணாச்சி, இது நாளுக்கொரு எடை காட்டுது, மாத்திக் குடுங்க” என்று செங்கோட்டைக் கடைக்கு மெஷின் திரும்பி வருவது இப்படித்தான். அநேகமாக மெஷின் சரியாகவே சொல்லியிருக்கும். ஒரு கிலோ கூடியது நிஜம். ஆனால் அது கொழுப்பு இல்லை.

ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் அவ்வளவையும் ஒரே ராத்திரியில் உள்ளே தள்ள சாதாரணமாக யாராலும் முடியாது. ஏறியதில் பெரும்பங்கு தண்ணீர். ஆஸ்பத்திரி சலைன் பாட்டிலில் 0.9% என்று போட்டிருக்கும், அதாவது லிட்டருக்கு 9 கிராம் உப்பு. உடம்பும் ஏறத்தாழ அதே விகிதத்தில்தான் உப்பையும் நீரையும் வைத்துக்கொள்கிறது. சால்னாவும் ஊறுகாயும் சேர்ந்து 4, 5 கிராம் உப்பு கூடுதலாகப் போனால், சிறுநீரகம் அதை வெளியேற்றும்வரை அரை லிட்டர் தண்ணீர் தங்கும். மாவுச்சத்து இன்னொரு பக்கம்: உடம்பு அதைக் கிளைகோஜன் என்ற இருப்புச் சத்தாகச் சேர்க்கும்போது ஒவ்வொரு கிராமும் தன்னோடு 3 கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். நூறு கிராம் நிரம்பினால் நானூறு கிராம் எடை. மிச்சம் குடலில் இன்னும் கிடக்கிற புரோட்டாவேதான். ரெண்டு மூணு நாள் வழக்கமான சாப்பாட்டுக்கு வந்துவிட்டால் முள் பழைய இடத்துக்கே வரும்.

இதன் மறுபக்கத்தைப் பார்த்து யாரும் சந்தேகப்படுவதில்லை. கார்த்திகையில் மாலை போட்டு, ராத்திரிச் சோற்றை விட்டவருக்கு முதல் வாரத்திலேயே ரெண்டு கிலோ இறங்கினால் மெஷின் ரொம்ப நல்ல மெஷின். அதிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். மாலை கழற்றி மறுபடி மூணு வேளைச் சோறு வந்ததும் அதுவும் வந்துவிடும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தின நாட்களில் ஒரு கிலோ அளவுக்கு ஏறி, பிறகு தானாக இறங்கலாம். மலச்சிக்கல், பழக்கமில்லாத வேலை செய்து கை கால் வலிக்கிற நாள், இரண்டுமே எடையைச் சில நூறு கிராம் தூக்கும். படுக்கும்போது பார்த்த எடைக்கும் காலையில் சிறுநீர் கழித்தபின் பார்க்கும் எடைக்கும் அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வித்தியாசம் சாதாரணம். மூச்சுக்காற்றிலும் தோல் வழியாகவும் ராத்திரி முழுக்க நீர் போய்க்கொண்டே இருக்கிறது.

சரி, மெஷின். கண்ணாடித் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் நாலு மூலையிலும் ரப்பர் வைத்த நாலு கால் இருக்கும். ஒவ்வொரு காலுக்குள்ளும் ஒரு சின்ன எஃகுத் தகடு, அதன் மேல் ஒட்டிய மெல்லிய ஒயர் பட்டை. இதுதான் லோடு செல். ஆள் ஏறினால் தகடு கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், பட்டையின் மின்தடை மாறும், நாலையும் கூட்டிச் சிப் எடையாக்கும். ஆக, நாலு காலும் தரையில் ஒரே மாதிரி ஊன்றியிருந்தால்தான் கணக்கு சரி. மிதியடி, பாய், ரெக்சின் விரிப்பு மேல் வைத்தால் தட்டு அமுங்கி எடை குறைத்துக் காட்டும். டைல்ஸ் இடுக்கில் ஒரு கால் இறங்கினாலும் அப்படியே. பழைய வீட்டுச் சிவப்புச் சிமெண்ட் தரை கண்ணுக்கு மட்டம்தான், மெஷினை வைத்து மூலையை அமுக்கினால் ஆடும். ஆடாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, நாலு காலுக்கும் பென்சிலால் கோடு போட்டு, அங்கேயே வைத்துக்கொள்வது நல்லது. நகர்த்தி வைத்தால் முதல் ஏற்றத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. நம் பாதத்தால் ஒருமுறை அமுக்கி எழுப்பி, எண் அணையவிட்டு, பூஜ்ஜியம் புதிதாகப் பிடித்தபின் ஏற வேண்டும்.

அடுத்தது, கடையில் யாரும் சொல்லாத விஷயம். மூணு தடவை ஏறியும் மூணு தடவையும் 70.4 காட்டுகிறது, “பாத்தீங்களா, எவ்வளவு துல்லியம்!” என்பார்கள். பல டிஜிட்டல் மெஷின்களில் கடைசி எடையை ஞாபகம் வைத்துக்கொள்ளும் வித்தை உண்டு. புது எடை பழையதற்குக் கிட்டத்தில் இருந்தால் பழைய எண்ணையே மறுபடி காட்டிவிடும். சோதிப்பது சுலபம். ஏறி எடையைப் பார்த்து இறங்கி, எண் அணைந்ததும் 200 மில்லி தண்ணீர் உள்ள பாட்டிலைக் கையில் பிடித்து ஏறுங்கள். 70.6 வர வேண்டும். அதே 70.4 வந்தால் அது எடை போடவில்லை, ஒப்பிக்கிறது. இந்த ஞாபகத்தை அழிக்க, ஒவ்வொரு தடவையும் 5 கிலோ அரிசிப் பையோடு ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு, பிறகு வெறுங்கையோடு ஏறினால் போதும். தினமும் இதைச் செய்வது தொல்லைதான். வாங்கும்போதே பாட்டில் சோதனையைச் செய்து, ஒப்பிக்கிற மெஷினை வேண்டாம் என்று விட்டுவிடலாம்.

எண் மாறுகிறது என்பது ஒன்று, சரியான எண்ணா என்பது வேறு. 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. தண்ணீர் நிரப்பிய 1 லிட்டர் பாட்டில் பத்தை ஒரு பையில் போட்டு, பையில்லாமல் ஒருமுறை, பையோடு ஒருமுறை ஏறுங்கள். பாட்டில், பை எடையும் சேர்ந்து வித்தியாசம் 10 கிலோவுக்குச் சில நூறு கிராம் கூட வர வேண்டும். 9.8 வந்தால் மெஷின் குறைத்துக் காட்டுகிறது. அதே விகிதம் போனால் 70 கிலோ ஆளுக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் குறையும். வீட்டு கேஸ் சிலிண்டரும் உதவும்: மேல் வளையத்தைத் தாங்கும் தகட்டில் காலி எடை எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோ கேஸைக் கூட்டினால் புது சிலிண்டரின் எடை. நேரே கண்ணாடி மேல் வைத்தால் விரிசல் விழும். பலகை போட்டு, பலகையின் எடையைக் கழிக்கவும். நிரப்புவதிலேயே கொஞ்சம் முன்பின் இருக்கும் என்பதால் 100 கிராம் சண்டைக்கு இது ஆகாது. அதைவிட நம்பகமானது அரிசி மண்டித் தராசு. வியாபாரத் தராசுக்கு முத்திரை கட்டாயம். இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை பார்க்கிறது, எல்லை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் லீகல் மெட்ராலஜி (எடையளவு) துறை. வீட்டு மெஷினுக்கு அப்படி யாரும் முத்திரை போடுவதில்லை. கூட்டம் இல்லாத நேரம் மண்டியில் ஏறிப் பார்த்துவிட்டு, அதே உடையில் வீட்டுக்கு வந்து ஏறினால் வித்தியாசம் தெரிந்துவிடும். எப்போதும் அரை கிலோ கூடக் காட்டினால் பரவாயில்லை, கழித்துக்கொள்ளலாம். ஒரு நாள் கூட, ஒரு நாள் குறைய என்றால்தான் வேலைக்கு ஆகாது.

பாத்ரூம் ஸ்கேல் என்று பெயர் இருந்தாலும் நம்ம ஊர்க் குளியலறையில் வைக்கவே கூடாது. தென்மேற்குக் காற்று கணவாய் வழியாகச் சாரலைக் கொண்டுவரும், ஐப்பசியில் வடகிழக்கு மழை வேறு. ரெண்டு சீசனும் ஈரம் குடிக்கும் ஊர் இது. ஈரம் முதலில் போய் உட்காருவது பேட்டரி ஸ்பிரிங்கில், பச்சைக் களிம்பாக. எண் நடுங்குவதும் பாதியில் அணைவதும் பெரும்பாலும் இதனால்தான். பேட்டரியைக் கழற்றி, தகட்டைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, புது செல் போட்டால் சரியாகும். அடுத்துப் போவது கால் ரப்பர். பசை விட்டு ஒன்று காணாமல் போனால் அந்த மூலை தாழ்ந்துவிடும், கிலோ கணக்கில் தப்பு வரும்.

முள் சுற்றுகிற ஸ்பிரிங் மெஷினுக்குப் பேட்டரி வேண்டாம் என்பது மட்டும்தான் நல்லது. அரை கிலோ மாற்றத்தை அதில் தேடக் கூடாது. கொழுப்புச் சதவீதம் காட்டும் மாடல் காலிலிருந்து காலுக்கு மெல்லிய மின்சாரம் விட்டு ஊகிப்பது; ஈரக்கால் வைத்தாலே எண் மாறும், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதில் ஏறவே கூடாது.

பார்க்கும் முறை ஒன்றுதான். காலையில் கழிப்பறை போய் வந்து, காபிக்கு முன், ஒரே மாதிரி லேசான உடையில். சேலையோடு ஒரு நாள், நைட்டியோடு ஒரு நாள் என்றால் அதிலேயே அரை கிலோ போய்விடும். ஏழு நாள் எண்ணைக் கூட்டி ஏழால் வகுத்து, போன வார சராசரியோடு மட்டும் ஒப்பிட வேண்டும். இதற்கு விலக்கு இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள். மூணு நாளில் 2 கிலோ ஏறினாலோ, காலில் வீக்கமோ மூச்சுத்திணறலோ வந்தாலோ, வாரச் சராசரிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவர் இருக்கும் வீட்டில் ஒப்பிக்கிற மெஷின் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது.