ஃபர்கெட்டுக்குள் ஏன் கெட்? எட்டிம்ஆன்லைன் சொன்ன பதில்

"மாமா, கெட்னா கிடைக்கிறதுதானே, அப்புறம் ஃபர்கெட்னா எப்படி மறக்கிறதாச்சு?" என்று அக்கா மகன் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. சமாளிக்கத்தான் போனில் எட்டிம்ஆன்லைனைத் திறந்தேன், ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

அமெரிக்கரான டக்ளஸ் ஹார்ப்பர் தொடங்கிய இந்தத் தளம், ஆங்கிலச் சொற்களின் பூர்வீகத்தை இலவசமாகச் சொல்கிறது. நாம் நாள் முழுக்கப் புழங்கும் இந்தக் கெட், வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து 1200 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்ததாம்! அதற்கு முன் பழைய ஆங்கிலத்தில் அந்த வினை தனியாக நிற்காது, ஃபர்கெட், பிகெட் (பிள்ளை பெறுவது) மாதிரி முன்னொட்டோடுதான் வரும். வேரின் பொருள் பிடிப்பது. 'ஃபர்' சேர்ந்தால் பிடி நழுவுகிறது, அதுதான் மறதி. பையனுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது, எனக்குத்தான் கொஞ்ச நேரம் ஆனது.

அதே வேரைத் தொட்டால் லத்தீன் வழியாக வந்த காம்ப்ரிஹெண்டும் பிரிசனும் கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று காட்டுகிறது. புரிந்துகொள்வதும் பிடிப்பது, சிறையில் போடுவதும் பிடிப்பது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது, நாமும் கணக்கு பிடிபடவில்லை என்கிறோம், திருடன் பிடிபட்டான் என்கிறோம்!

கெட்டுக்குக் காட்டன் என்றொரு வடிவமும் உண்டு (துணி இல்லை). அமெரிக்கர்கள் இன்றும் சொல்கிறார்கள், பிரிட்டனில் பெரும்பாலும் காட்தான், ஆனால் ஃபர்காட்டன் மட்டும் இரண்டு ஊரிலும் தப்பித்துவிட்டது.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மார்க் ஏன் குறைத்தேன் என்றால், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு இது மட்டும் போதாது. கெட் ஓவர், கெட் அலாங் வகையறாவை வாக்கியத்தில் வைத்துப் பழக ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் மாதிரி ஓர் அகராதி வேண்டும். சொல்லின் பிறப்பு வேறு, இன்றைய பொருள் வேறு என்று தளமே சொல்லிவிடுகிறது, அதனால் ஏமாற்று எதுவும் இல்லை. இன்னொன்று, நட்சத்திரக் குறியோடு இருக்கும் வேர்கள் எந்த ஏட்டிலும் கிடைத்தவை அல்ல, உறவு மொழிகளை ஒப்பிட்டு ஆய்வாளர்கள் மீட்டெடுத்தவை. இது தெரியாமல் முதலில் நான் முழித்தேன்.

சரி, முடிந்தது என்று பார்த்தால் "டேக் போடுங்க மாமா" என்றான். எடுப்பதைச் சொல்லும் அந்த டேக்கும் வைக்கிங் சரக்குதான். அது வந்து விரட்டிய பழைய வினையான நிமன், மரத்துப்போவதைச் சொல்லும் 'நம்' என்ற சொல்லிலும் சுறுசுறுப்பைச் சொல்லும் நிம்பிளிலும் ஒளிந்துகொண்டிருக்கிறது.