இரண்டு ரூபாய்க்கு என்று நம்பிக் கொடுத்த ஓடிபி

கடந்த மார்ச் மாதம் 9ஆம் தேதி, எங்கள் பூர்வீக வீட்டின் கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே பிடிஎஃப் கோப்பாக இணைத்து, வீட்டுக் கடனுக்காக வங்கிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கைப்பேசியில் படமெடுத்த 40 பக்கங்களையும் சேர்த்து, அளவையும் குறைத்துத் தருவதாகச் சொன்ன ஒரு செயலியைப் பதிவிறக்கினேன். முதல் 7 நாட்களுக்குக் கட்டணம் எதுவும் இல்லை என்று முதல் திரையிலேயே பெரிய எழுத்தில் இருந்தது. படங்களையெல்லாம் ஏற்றி முடித்துக் கோப்பைச் சேமிக்கப் போகும் நேரத்தில்தான், சோதனைக் காலத்தைத் தொடங்குவதற்குக் கிரெடிட் கார்டு விவரங்களைக் கொடுக்குமாறு அது கேட்டது. அரை மணி நேர உழைப்பு அதற்குள் சிக்கியிருந்ததால், வேறு வழி தேட எனக்கு மனம் வரவில்லை.

கார்டைச் சரிபார்ப்பதற்காக 2 ரூபாய் மட்டும் எடுக்கப்படும் என்றும், அது உடனே திரும்ப வரவு வைக்கப்படும் என்றும் எழுதியிருந்தார்கள். வங்கியிலிருந்து ஓடிபி வந்தது, உள்ளிட்டேன். 2 ரூபாய் சொன்னபடியே அன்று மாலைக்குள் திரும்பி வந்தது. கோப்பை அனுப்பிவிட்டு, இனி இது தேவையில்லை என்று செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினேன். 16ஆம் தேதி காலை, கார்டிலிருந்து ரூ. 4,999 எடுக்கப்பட்டதாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. ஒரே ஒரு நாள் பயன்படுத்திய செயலிக்கு ஓராண்டுச் சந்தா!

இதைப் படிப்பவர்கள் ஒன்றை மட்டுமாவது மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் கொடுத்த ஓடிபி 2 ரூபாய்க்கானது அன்று. அது ‘இ-மேண்டேட்’ எனப்படும் தொடர் பற்றுக்கான ஒப்புதல். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கார்டிலிருந்து தவணைதோறும் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டைப் பதிவு செய்யும்போதும் முதல் பரிவர்த்தனையின்போதும் ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். அதன் பிறகு, குறிப்பிட்ட உச்சவரம்புக்கு உட்பட்ட தொகைகளை ஓடிபி இல்லாமலேயே எடுத்துக்கொள்ளலாம். 2019இல் இந்த ஏற்பாடு அறிமுகமானபோது 2,000 ரூபாயாக இருந்த அந்த உச்சவரம்பு, பின்னர் 5,000 ஆகி, 2022 ஜூன் மாதத்தில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ரூ. 4,999 அந்த வரம்புக்குள் அடங்கிவிடுவதால், பணம் போகும் நாளில் என்னிடம் யாரும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஓடிபி வந்த குறுஞ்செய்தியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். மேண்டேட் பதிவு என்ற சொற்களும் அதிகபட்சத் தொகையும் அதிலேயே இருந்தன. ஆறு இலக்க எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மற்றதைப் படிக்காமல் விடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது.

பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பாக வாடிக்கையாளருக்கு முன்னறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றும், அதில் வணிகரின் பெயர், தொகை, தேதி, காரணம் ஆகியவை இருக்க வேண்டும் என்றும், அதைப் பெற்றவர் அந்தப் பற்றையோ முழு மேண்டேட்டையோ மறுக்க வழி இருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. எனக்கும் 15ஆம் தேதி அந்தச் செய்தி வந்திருந்தது. ஆனால் அதில் செயலியின் பெயர் இல்லை. அதை நடத்தும், நான் கேள்விப்பட்டே இராத ஒரு நிறுவனத்தின் பெயரும், அதன் கீழே ஓர் இணைப்பும் மட்டுமே இருந்தன. அறிமுகமில்லாத பெயரில் வரும் குறுஞ்செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள் என்று வங்கிகளும் காவல்துறையும் பல ஆண்டுகளாக அறிவுறுத்தி வருவதால், மோசடிச் செய்தி என்று எண்ணி அதை அழித்துவிட்டேன். விதியின் எழுத்து காப்பாற்றப்பட்டது. அது யாருக்காக எழுதப்பட்டதோ அவருக்கு அதனால் பயன் கிடைக்கவில்லை.

சந்தாவை ரத்து செய்யப் போனபோதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. செயலியை நீக்குவதும் சந்தாவை ரத்து செய்வதும் வெவ்வேறு. செயலிக்குள் ரத்து செய்யும் வசதியே கிடையாது. அவர்களுடைய இணையதளத்தில் நுழைந்து, கணக்கு, திட்டம், கட்டண வரலாறு என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து கடைசியில் மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்த ஒரு வரியைக் கண்டுபிடித்தேன். அதைத் தொட்டதும் 50 விழுக்காடு தள்ளுபடி தருவதாக ஒரு திரையும், விலகும் காரணத்தைக் கேட்டு இன்னொரு திரையும், ‘என் கோப்புகளை இழக்கச் சம்மதிக்கிறேன்’ என்று சொல்ல வைக்கும் மூன்றாவது திரையும் வந்தன. பணத்தைத் திருப்பிக் கேட்டு அனுப்பிய மூன்று மின்னஞ்சல்களுக்கும் ஒரே பதில்தான் வந்தது: ஆண்டுத் திட்டத்துக்குப் பணம் திருப்பித் தரப்படாது. வங்கியின் வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் மரியாதையாகவே பேசினார், ஆனால், “சார், ஓடிபி நீங்களே கொடுத்திருப்பதால் இதை அனுமதியில்லாத பரிவர்த்தனையாகப் பதிவு செய்ய முடியாது, இனிமேல் போகாமல் மேண்டேட்டை நிறுத்திக்கொள்ளலாம்” என்றார்.

பிறகு தேடிப் படித்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிமுறைகள், இணையத்தில் நுகர்வோரைத் திசைதிருப்பும் 13 உத்திகளைப் பட்டியலிட்டு அவற்றைத் தடை செய்கின்றன. அவற்றுள் ஒன்று சந்தாப் பொறி. ரத்து செய்வதைச் சிக்கலாக்குவது, அதற்கான வழியை மறைத்து வைப்பது ஆகியவற்றோடு, இலவசச் சந்தாவைப் பெறுவதற்குக் கட்டண விவரங்களையோ தானியங்கிப் பற்றுக்கான அனுமதியையோ கொடுக்குமாறு பயனரைக் கட்டாயப்படுத்துவதும் அந்த விளக்கத்தில் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அதாவது எனக்கு நடந்தது கவனக்குறைவால் வந்த இழப்பு மட்டுமன்று, செய்யக்கூடாது என்று அரசு எழுதி வைத்திருக்கும் செயல். ஒரே ஆள் பல பெயர்களில் மீண்டும் மீண்டும் இலவசமாகப் பயன்படுத்துவதைத் தடுக்கவே கார்டு கேட்கிறோம் என்று நிறுவனங்கள் சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் அதற்குக் கைப்பேசி எண்ணைச் சரிபார்த்தாலே பெரும்பாலும் போதும். 4,999 ரூபாய்க்கு முன்கூட்டியே அனுமதி வாங்கி வைக்கத் தேவையில்லை.

இந்த நெறிமுறையைக் குறிப்பிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிவு செய்தேன். முதல் திரை, கார்டு கேட்ட திரை, ரத்து செய்யும் பக்கம் ஆகியவற்றின் படங்களையும், மூன்று மின்னஞ்சல்களையும் இணைத்தேன். முதல் இரண்டு திரைகளின் படங்களுக்காக அதே செயலியை இன்னொரு கைப்பேசியில் மீண்டும் நிறுவ வேண்டியிருந்தது. 19 நாட்களுக்குப் பிறகு, ஒரு மாதக் கட்டணம் என்று ரூ. 799ஐக் கழித்துக்கொண்டு ரூ. 4,200 கார்டுக்குத் திரும்பி வந்தது. அந்த 799 ரூபாய்க்காகப் புகாரை இன்னும் முடிக்காமல் வைத்திருக்கிறேன்.

கார்டு கேட்கும் இலவசச் சோதனையை ஏற்றே ஆக வேண்டிய நிலை வந்தால், தொடங்கிய அன்றே ரத்து செய்துவிடுங்கள். பெரும்பாலான சேவைகளில் ரத்து செய்த பிறகும் சோதனைக் காலம் முடியும்வரை பயன்படுத்தலாம். சிலவற்றில் உடனே நின்றுவிடும் என்பதால், முதலில் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம், ஏனெனில் முடிவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல இடங்களில் உண்டு. ரத்து உறுதியான திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்ட பிறகே செயலியை நீக்குங்கள். யுபிஐ ஆட்டோபே வழியாகக் கேட்டாலும் நடப்பது இதுதான். பின் எண்ணை அழுத்துவதற்கு முன் அதிகபட்சத் தொகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பார்கள் என்ற இரண்டு விவரங்களையும் படியுங்கள்.

நிறுவனம் ரத்து செய்ய விடாவிட்டாலும், வங்கியின் பக்கம் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. எந்த மேண்டேட்டையும் எந்த நேரத்திலும் இணையவழியில் திரும்பப் பெறும் வசதியைக் கார்டு வழங்கிய வங்கி தர வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் விதியே. அந்தப் பக்கத்தை என் கார்டுக்காகத் திறந்து பார்த்த பிறகு, மனைவியின் கார்டுக்கும் திறந்து பார்த்தோம். மகள் பாட்டு வகுப்பில் சேர்ந்தபோது இலவசமாகத் தொடங்கிய ஒரு பயிற்சிச் செயலிக்கு, அவள் வகுப்பை நிறுத்திய பிறகும் 26 மாதங்களாக, மாதம் ரூ. 149 வீதம் போய்க்கொண்டிருந்தது. முன்னறிவிப்புகள் எல்லாம் அவள் அம்மா திறந்தே பார்க்காத ஒரு மின்னஞ்சல் முகவரிக்குத் தவறாமல் வந்திருந்தன.