'பணியாள் ஹிப்போலிட்' டிவிடி: கடைசிப் பத்து நிமிடத்துக்காகவே வாங்கலாம்

போன மாதம் இணையத்தில் 40 மலேசிய வெள்ளி கொடுத்து வாங்கினேன், எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டுக்கு வந்து சேர ஒன்பது நாள் ஆனது. 1931இல் வந்த ஹங்கேரியப் படம், அந்த நாட்டின் முதல் பேசும் படங்களில் ஒன்று, இயக்கியவர் சேகெய் இஷ்ட்வான். கறுப்பு வெள்ளை என்று ஒதுக்கிவிடாதீர்கள், அம்மாவே இரண்டு தரம் பார்த்துவிட்டார்.

சரக்கு ஏற்றும் தொழிலில் பணம் பார்த்த ஷ்னைடர், மனைவியின் ஆசைக்காக, ஒரு பிரபு வீட்டில் 27 வருஷம் இருந்த ஹிப்போலிட்டை வேலைக்கு வைக்கிறார். வந்தவரோ முதலாளிக்கே சட்டம் போடுகிறார், சாப்பிடக் கோட்டு மாட்ட வேண்டும், வெங்காயத்தைத் தொடக் கூடாது. மகள் தெர்காவுக்கு அப்பாவிடம் வேலை பார்க்கும் பெனடெக்கைப் பிடித்திருக்கிறது, அம்மா பெரிய இடத்துச் சம்பந்தம் தேடுகிறார், கல்யாணம் தள்ளிக்கொண்டே போகிறது.

எங்கள் தாத்தா துரை பங்களாவில் குசினி வேலை பார்த்தவர். எந்தக் கரண்டி எந்தப் பக்கம் என்று அவருக்கு அத்துப்படி, ஆனால் தோட்டத்து லய வீட்டுக்கு வந்துவிட்டால் பழைய சோறும் சின்ன வெங்காயமும்தான், அதையும் கையால்தான் சாப்பிடுவார். அதனாலோ என்னவோ, ஷ்னைடர் தன் வீட்டு மேசையிலேயே விருந்தாளி மாதிரி கூனிக்குறுகி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

முடிவைச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தாலும் ருசி குறையாது. தாலி கட்டும் நேரத்தில் யாரோ ஓடிவந்து 'நிறுத்துங்கள்' என்று கத்துவதையே பார்த்துப் பழகிய நமக்கு இது புதுசு. இங்கே கல்யாணத்துக்கு வழி விடுவது அப்பாவின் வாய்! ஹிப்போலிட்டை வெளியே அனுப்பிவிட்டு ஷ்னைடர் மறுபடி வெங்காயத்துக்குத் திரும்புகிறார், அந்த ஆள் தன் வீட்டில் தன் இஷ்டத்துக்கு ஒரு வாய் சாப்பிட முடிந்த பிறகுதான் மகள் கேட்டதும் நடக்கிறது. காதலர்களைவிட அவர் முகத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நடித்தவர் கபோஷ் ஜூலா, யூதர் என்பதால் பிறகு நாட்டை விட்டே போக வேண்டியதாகி, 1941இல் நியூயார்க்கில் இறந்தார். அது தெரிந்த பிறகு அந்தக் கடைசிச் சிரிப்பைச் சும்மா பார்க்க முடியவில்லை.

ஒரு குறை, என் கைக்கு வந்த வட்டில் வசன வரிகள் கடைசிப் பகுதியில் இரண்டு விநாடி பிந்துகின்றன. விற்றவருக்கு எழுதினேன், பதில் இல்லை. அப்புறம் என்ன, அந்த இடத்தில் வரிகளை நிறுத்திவிட்டே பாருங்கள், முகமே சொல்லிவிடும்.